ஆயிரம் வெள்ளிக்கு ஒரு கேமரா, கண்முன்னே தஞ்சோங் டாவாய்

முதல் கேமரா வாங்க நினைக்கும் மாணவர் யார் வந்து கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். பழைய நிக்கான் டி3300 ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மிச்சக் காசில் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கி அதில் மாட்டுங்கள். மாட்டிய கையோடு தஞ்சோங் டாவாய் என்ற மீன்பிடி ஊருக்குப் புறப்பட்டு வாருங்கள். கேட்காதவர்களிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு பெரிய சந்தோஷம் வேறு எதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை!

என் கையில் இருந்தது ஆயிரம் வெள்ளி. பீடோங் பக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது பாதி. தீபாவளி அங்பாவ், பெரியம்மா கொடுத்தது, அண்ணன் கொடுத்தது எல்லாம் சேர்ந்து மீதி. படிப்புக் கடனில் ஒரு காசு தொடக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. கையில் கட்டுப்பாடு இருந்ததால்தான் கடை கடையாக ஆசைப்படாமல், எனக்கு நிஜமாகவே என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன்.

இந்தத் தொகைக்கு டிஎஸ்எல்ஆர் கிடைக்கிறது என்பதே ஒரு வரம். 2003இல் கேனன் 300டி வந்தபோதுதான் இந்த வகைக் கேமரா முதன்முதலாக ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் கீழே இறங்கியது. அதுவரை அது பத்திரிகைக்காரர்களுக்கும் பெரிய ஸ்டூடியோக்களுக்கும் உரிய சாமான். அந்த 300டியில் இருந்தது 6.3 மெகாபிக்சல். பதினோரு வருடம் கழித்து, 2014இல், ஆரம்பக்காரர்களுக்கென்று நிக்கான் இறக்கிய டி3300இல் 24.2 மெகாபிக்சல்! பிறகு 2018இல் கேனனும் நிக்கானும் கண்ணாடியில்லாத மிர்ரர்லெஸ் பக்கம் முழுமூச்சாகத் திரும்பின. கல்யாண வீட்டுப் படக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் புதுசுக்கு மாறினார்கள். அவர்கள் இறக்கி வைத்த பெட்டிகள்தான் இப்போது நமக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. டி3000 வரிசையின் கடைசிப் பிள்ளையான டி3500 வந்ததும் அதே 2018இல்தான். அதற்குப் பிறகு அந்த வரிசையில் புதிது வரவில்லை.

பழசு வாங்கினால் படம் பழசாக வருமா என்று என் தோழிகள் கேட்டார்கள். வராது. 2020இல் நிக்கான் விற்ற இசட்5 மிர்ரர்லெஸ் கேமராவில் இருப்பது 24.3 மெகாபிக்சல். அதன் சென்சார் பெரியது, இருட்டில் இன்னும் தெளிவாக எடுக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏ3 தாளில் அச்சடித்துச் சுவரில் மாட்ட டி3300 தருவதே தாராளம். நான் மாட்டியிருக்கிறேன்!

கேனனையும் மனசாரப் பார்த்தேன். 1200டி அதே 2014இல் வந்தது, 18 மெகாபிக்சல். 1500டி அதற்கு நாலு வருடம் பிந்தியது, 24.1. இரண்டுமே நல்ல கேமராக்கள். கேனனில் ஒரு பெரிய வசதி உண்டு. இஎஃப் வகை ஆட்டோ ஃபோக்கஸ் லென்ஸ் எது கிடைத்தாலும், எத்தனை வருடம் பழசானாலும், மாட்டினால் தானே ஃபோக்கஸ் செய்யும். நிக்கான் டி3000 வரிசையில் கேமராவுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருக்க வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் ஏஎஃப் என்று மட்டும் போட்ட 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நிக்கான் பக்கம் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

அப்படியிருந்தும் ஏன் நிக்கான்? எங்கள் வீடுதான் காரணம். நாங்கள் இருப்பது பழைய லயத்து வீடு. முன்கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நாலு எட்டு வைத்தால் முடிந்தது. கேனனில் எல்லோரும் சிபாரிசு செய்யும் மலிவு லென்ஸ் 50 மி.மீ. எஃப் 1.8. அருமையான லென்ஸ். ஆனால் இந்தச் சின்ன சென்சார் கேமராக்களில் அது 80 மி.மீ. போலக் குறுகிய பார்வை பார்க்கும். ஆற்றங்கரையில் ஒரு ஆளை நிற்க வைத்து எடுக்க அதைவிட நல்லது இல்லை. எங்கள் கூடத்தில் பாட்டியும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை எடுக்க நான் வாசலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8ஜி, 2009இல் வந்தது, இந்த சென்சார் அளவுக்கென்றே செய்தது. நம் கண் சாதாரணமாக எதைக் கவனிக்கிறதோ கிட்டத்தட்ட அதே அகலம். சுவரோடு ஒட்டி நின்றால் பாட்டி, அம்மா, சுவரில் மாட்டிய தாத்தாவின் படம் மூன்றும் சட்டத்துக்குள் வந்துவிடும். கேமரா பார்க்கப் போகும் முன் உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். எந்தக் கடைக்காரரும் சொல்லாத பதிலை அந்தக் கூடம் சொல்லும்.

இந்த லென்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது. எடை 200 கிராம்தான். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 35இல் வைத்தால் அதன் வாய் எஃப் 4.5 வரைதான் திறக்கும். இதுவோ எஃப் 1.8. கணக்குப் போட்டால் ஆறு மடங்கு வெளிச்சம்! ஆறு மடங்கு என்பது தாளில் வெறும் எண். விடியற்காலையில் அம்மா தோசை வார்க்கும்போது அது என்னவென்று தெரிந்தது. அடுப்படியில் ஒரே ஒரு குண்டு பல்பு. கிட் லென்ஸில் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால்தான் கை அசைவு தெரியாமல் எடுக்க முடியும், படத்தில் பொரிப்பொரியாகப் புள்ளி விழும். 35ஐ மாட்டினேன். அதே வெளிச்சம், அதே ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ 500 போதும். அம்மாவின் மூக்குத்தியில் ஒரு சிவப்புப் பொட்டு மின்னியது. பின்னால் அலமாரியில் இருந்த மில்க் டின்களும் மைலோ டின்களும் கரைந்து மெத்தென்று வண்ணமாகிவிட்டன. தோசைக்கல்லிலிருந்து எழுந்த ஆவி தனியாகத் தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டு, “என் மூஞ்சியா இது?” என்றார். எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் படம் என்றால் தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பட்டணத்து ஸ்டூடியோவில் போய் விறைப்பாக நிற்பது. வேலை செய்துகொண்டிருக்கும் அம்மாவின் படம் எங்கள் வீட்டில் அதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

வாங்கிய கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். சுங்கை பட்டாணியில் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு அண்ணன், மிர்ரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால் இரண்டாவது கேமராவாக வைத்திருந்த டி3300ஐ விற்கிறார் என்று தெரிந்து, தம்பியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அந்த அண்ணன் தங்கமானவர். விலை சொல்லும் முன்பே, “தங்கச்சி, முதல்ல கண்ணாடிய பாரு. விலையெல்லாம் பிறகு பேசலாம்” என்று கைவிளக்கை எடுத்துக் கொடுத்தார்.

லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து விளக்கடித்து மறுபக்கமிருந்து பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போல மெல்லிய இழை உள்ளே ஓடினால் அது பூசணம். நம் ஊர் ஈரத்துக்கு அதுதான் முதல் எதிரி. ஓரத்தில் இரண்டு தூசு இருந்தால் கவலைப்படாதீர்கள், படத்தில் தெரியாது. பூசணம் என்றால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்தது சென்சார். எஃப் 22 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒட்டியிருக்கும் தூசு கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். லென்ஸை மூடி வைத்துச் சில வினாடி ஷட்டரைத் திறந்து எடுத்தால், கறுப்புக்கு நடுவே சிவப்பும் பச்சையுமாக மினுக்கும் ஹாட் பிக்சல்கள் தெரியும். கார்டு நுழைகிற இடம், பேட்டரிக் கதவு, தானே எழும்பும் ஃபிளாஷ், எல்லாப் பொத்தானும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

நிக்கானில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இங்கேதான். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணை அது எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதி வைக்கிறது. ஒரு படம் எடுத்து, எக்ஸிஃப் விவரம் காட்டும் செயலியில் திறந்தால் போதும். காரின் மீட்டரைப் பார்ப்பது போல நேராகப் பார்த்துவிடலாம். இந்த வகைக் கேமராக்களுக்கு ஷட்டர் ஆயுள் சுமார் ஒரு லட்சம் என்று சொல்வார்கள். நான் வாங்கியது அதில் கால்வாசிகூட ஓடவில்லை. கேனனின் ஆரம்பநிலைக் கேமராக்களில் இந்த எண் படத்தில் வராது. அங்கே விற்பவரின் வார்த்தையையும் கைப்பிடி ரப்பரின் தேய்மானத்தையும் நம்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரிஜினல் செட்டா, ஏபி செட்டா? ஏபி என்றால் அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழியாக வராமல் கடைக்காரர்கள் தாங்களே தருவித்தது. கேமரா ஒன்றுதான், உத்தரவாதம்தான் வேறு. உத்தரவாதக் காலம் முடிந்துபோன பழைய கேமராவுக்கு அது பெரிய விஷயமில்லை. ஏபி செட் என்றால் விலையைக் கொஞ்சம் இறக்கிப் பேசலாம், அவ்வளவுதான்.

பேரம் முடிந்து, கிட் லென்ஸையும் அந்த அண்ணனே சேர்த்துக் கொடுத்தார். 35ஐப் பிறகு பினாங்கில் ஒரு கடையில் பழையதாகவே வாங்கினேன். இரண்டும் சேர்ந்து என் ஆயிரத்துக்குள் அடங்கி, ஒரு மெமரி கார்டுக்கும் காசு மிஞ்சியது!

இனி தஞ்சோங் டாவாய். மெர்போக் ஆறு கடலில் சேரும் முனையில் இருக்கிற மீன்பிடி ஊர். செமிலிங் வழியாக மோட்டாரில் போனால், சாலையின் முடிவில் ஊர், அதற்கப்பால் தண்ணீர். ஆற்றுக்கு மறுகரையில் பந்தாய் மெர்டேக்கா, படகில் ஏறினால் கொண்டுபோய் விடுவார்கள். திரும்பிப் பார்த்தால் வடக்கே ஜெராய் மலை, 1,217 மீட்டர், ஊருக்கே காவல் நிற்கிறது. சனி ஞாயிறு என்றால் கருவாடும் நெத்திலியும் பெலாச்சானும் வாங்க எங்கெங்கிருந்தோ கார்கள் வரும். நம்மவர்களும் சாம்பாருக்குப் போடக் கருவாடு தேடி அங்கேதான் வருவார்கள். படம் எடுக்கக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை.

நெத்திலியை உப்பு நீரில் அவித்து, பரணில் விரித்து வெயிலில் காயப் போடுவார்கள். அதன் முன் குந்தி உட்கார்ந்து பாருங்கள். தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது, கிட்டத்தில் ஆயிரம் நிறம். ஒவ்வொரு மீனின் விலாவிலும் ஒரு வெள்ளிக் கோடு, கண் ஒரு கறுப்புப் புள்ளி, வளைந்து கிடக்கும் வாலில் நீலமும் மஞ்சளும் ஓடும். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். சட்டம் நிறைய வெள்ளையைக் காட்டினால் மங்கலாக்கிவிடும். ஷட்டருக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி ஒன்று கூட்டினேன். வெள்ளி மீண்டும் வெள்ளியாயிற்று! புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் ஏறாத பாடம், நெத்திலிப் பரண் முன்னால் ஒரே நிமிடத்தில் ஏறியது. மீனைப் புரட்டிக்கொண்டிருந்த மக்சிக் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். தன் மீன் இவ்வளவு அழகா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, இன்னொரு பரணுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கேமரா கையில் இருந்தால் ஆட்கள் இப்படித் திறந்துகொள்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாணவருக்கு இங்கே இன்னொரு கொடுப்பினை உண்டு. 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் நம் மேற்குக் கரையில் சூரியன் மறைய மாலை ஏழு, ஏழரை ஆகிவிடும். ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்து, ஒரு கோப்பி குடித்து, நிதானமாகக் கிளம்பினாலும் பொன்வெயில் நமக்காகக் காத்திருக்கும். ஆறரைக்கு மேல் கடலிலிருந்து சாய்ந்து வரும் அந்த வெளிச்சம் படகுகளின் பச்சை, சிவப்பு, நீலச் சாயத்தில் படும்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று கை தடுமாறும். படகு ஆற்றுமுகம் தாண்டி வருகிறதா? ஷட்டரை 1/1000இல் வைத்து, நடுப்புள்ளியில் ஃபோக்கஸ் பிடித்து, தொடர்ந்து அழுத்துங்கள். டி3300 நொடிக்கு ஐந்து படம் எடுக்கும். டக், டக், டக் என்று உள்ளே கண்ணாடி எழுந்து விழும் அந்தச் சத்தம்! விரல் நுனியில் ஒரு சின்ன அதிர்வு வரும். படம் எடுத்தோம் என்பதை உடம்பே சொல்லும். உச்சி வெயிலில் கைப்பேசித் திரை கறுத்துப்போய் ஒன்றும் தெரியாத இடத்தில், இந்தக் கேமராவின் கண்துளை வழியாகப் பார்த்தால் கடல் கடலாகவே தெரியும்; லென்ஸ் வழியாக வரும் நிஜ வெளிச்சம் அது. திரைக்கு மின்சாரம் செலவாகாததால் ஒருமுறை சார்ஜ் போட்டால் 700 படம் என்பது நிக்கானே தரும் கணக்கு. ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் எனக்குத் தீர்ந்ததே இல்லை.

கடற்கரை என்பதால் சில கட்டுப்பாடுகள் வேண்டும். இந்தக் கேமரா நீர் புகாத வகை இல்லை. காற்றடிக்கும் ஜெட்டியில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வீட்டிலேயே 35ஐ மாட்டிக்கொண்டு போய் அதோடு திரும்பி வாருங்கள், நடந்து நெருங்குவதுதான் நம் ஜூம். வீடு வந்ததும் லேசாக ஈரம் தொட்ட துணியால் உப்பைத் துடைத்து, உலர் துணியால் ஒருமுறை துடையுங்கள். ஏர்கோன் அறையிலிருந்து வெளியே வரும்போது பை மூடியே இருக்கட்டும். குளிர்ந்த கண்ணாடி வெளிக்காற்று பட்டதும் பனி பிடித்துவிடும். இரவில் கேமரா உறங்க, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இந்தப் பதவிக்கு உயர்ந்துவிட்டது. கேமராப் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பூசணத்துக்கு விருந்து.

தஞ்சோங் டாவாயோடு நிற்க மனம் வராது. திரும்பும் வழியில் மெர்போக்கில் புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்காலக் கோயில் இருக்கிறது. 1930களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து பார்த்த இடம். பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கடாரம்! 1025இல் ராஜேந்திர சோழன் கப்பல்கள் வந்ததாகப் பள்ளியில் படித்த மண், மோட்டாரில் போகும் தூரத்தில் கிடக்கிறது. மரநிழலும் வெயில் திட்டும் கலந்து விழும் அந்தக் கருங்கல் படிகளில் எஃப் 8 வைத்து எடுத்தால், உளி பட்ட தடம்கூட எண்ணலாம்போல வருகிறது. தைப்பூசத்துக்குச் சுங்கை பட்டாணி. இராத்திரி காவடி, தீவட்டி, எண்ணெய் வழியும் முகங்கள். ஃபிளாஷைத் தொடாதீர்கள், எஃப் 1.8 இருக்கும்போது எதற்கு? பிறகு தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துகொண்டிருக்கிறது. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. பால்மரம் வெட்டிய கை காய்த்துப்போன பாட்டிகள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டியைப் படம் எடுத்து, அச்சுப்போட்டு, கொண்டுபோய்க் கையில் கொடுக்கிறேன். அதை வாங்கி அவர்கள் முந்தானையால் துடைத்துப் பார்க்கிறார்களே, அதற்கு முன் இந்தக் கேமராவின் விலை ஒன்றுமே இல்லை.

அடுத்து என்ன வாங்கலாம் என்று இப்போதே சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். மெர்போக் ஆற்றின் கண்டல் காட்டுக்கு மேலே செம்பருந்துகள் வட்டமிடுகின்றன. 35க்கு அவை எட்டாது. ஏஎஃப்-பி 70-300 மி.மீ. லென்ஸ்மேல் கண் வைத்திருக்கிறேன். நீங்களும் அதைத் தேடினால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விஆர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் விஆர் எழுதியதையே வாங்குங்கள். டி3300 அதை ஏற்க வேண்டுமானால் கேமராவின் உள்மென்பொருளைப் புதுப்பித்திருக்க வேண்டும். நிக்கான் இலவசமாகவே தருகிறது, ஒரு மெமரி கார்டில் ஏற்றினால் சில நிமிட வேலை. நான் அதை முன்கூட்டியே செய்து வைத்துவிட்டேன்!